கோபிக்கடை அக்காவின் பத்து நாள் சோதனை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று வந்ததில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

பெங்களூரில் ஐடி ஆட்களை விடிகாலையில் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறேன். தொம்மலூர் மேம்பாலத்தில் ஒரு நொடி கண் அசந்துவிட்டேன். பின்னால் இருந்த பெண் போட்ட கூச்சலில்தான் பிரேக்கை மிதித்தேன். வண்டியில் ஏழு பேர்.

சில வாரங்களாகவே தூக்கம் சரியில்லை. நாக்கு வறண்டு விழிப்பு வரும், நெஞ்சு படபடக்கும். ஜோகுபாளையத்தில் எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டி அக்காவிடம் தினமும் சாயங்காலம் கோபி மஞ்சூரியன் தின்பேன். அதுதான் காரணம் என்று முடிவுகட்டி, நேரே போய்க் கத்தினேன்.

"உங்க டேஸ்டிங் பவுடர், அந்த அஜினோமோட்டோதான்க்கா என் தூக்கத்தைக் கெடுக்குது!"

வேறு யாராவது என்றால் கரண்டியை ஓங்கியிருப்பார்கள். அக்கா அடுப்பைத் தணித்தார்.

"சும்மா குதிக்காத தம்பி. பத்து நாள் வா. அஞ்சு நாள் போடுவேன், அஞ்சு நாள் போடமாட்டேன். என்னைக்குன்னு சொல்லமாட்டேன். மறுநாள் வந்து தூங்கினியா இல்லையான்னு மட்டும் சொல்லு."

தூங்காமல் விடிகாலையில் வண்டி எடுக்கப் பயந்து, கெஞ்சிக் கூத்தாடி அந்தப் பத்து நாளும் மதிய ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். அதற்குமேல் இழுத்தால் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான் சொல்வதையெல்லாம் அக்கா வண்டிப் பலகையின் உள்பக்கம் சாக்பீஸால் குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள், "நேத்து அள்ளிக் கொட்டிட்டீங்க போல" என்று எரிந்து விழுந்தேன். அதற்கும் ஒரு கோடு போட்டார், அவ்வளவுதான்.

பதினோராம் நாள், நாலு பேர் தட்டோடு நிற்கும்போதே உரக்கச் சொன்னார். "போட்ட அஞ்சு நாள்ல நாலு நாள் நீ தூங்கல. போடாததுல ஒரே ஒரு நாள், அள்ளிக் கொட்டிட்டேன்னு கத்தினியே அந்த ரெண்டாவது நாள்தான், தூங்கல. அது உன் வீம்பு!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. எல்லாருக்கும் இப்படி ஆகுமா தெரியாது, என் உடம்பு வாகோ என்னவோ. எனக்கு மட்டும் போடாமல் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் அந்தப் பவுடர் டப்பாவே வண்டியில் இல்லை. பழைய வாடிக்கைக்காரர் ஒருவர், "என்னக்கா, ருசி குறைஞ்சுபோச்சே?" என்று முகம் சுளித்தார். "பூண்டு கூடப் போட்டிருக்கேன், பழகிக்கோங்க" என்றார் அக்கா. அவர் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு மனசே கேட்கவில்லை. "எனக்காக ஏன்க்கா யாவாரத்தைக் கெடுத்துக்கிறீங்க?"

"உனக்காகன்னு யாரு சொன்னா? நீ சண்டை போட்ட, தெரிஞ்சுது. வாயைத் திறக்காம தின்னுட்டுப் போய் வண்டி எடுக்கிறவன் எத்தனை பேரோ, எனக்கு எப்படித் தெரியும்?"