கமால் பாயின் ஒயரும் என் கையும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ஜெரினா தொலைபேசியில் அழைத்தாள். கமால் பாயின் ஒரே மகள். “மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துடுங்க” என்றாள். வாயைக் கொப்பளித்துவிட்டுச் சட்டையை மாட்டினேன்.

மன்னார்குடியில் குளத்தை ஒட்டி இருந்த அவருடைய மைக் செட் கடையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணமும் காதுகுத்தும் அவர் ஒலிபெருக்கிக் குழாய் வழியாகத்தான் ஊருக்குத் தெரிந்தன. மைக் விட்டு விட்டுப் பேசினால் மற்றவர்கள் அதன் தலையில் தட்டுவார்கள். பாய் தட்ட மாட்டார். முதலில் வேறு ஒயரை மாட்டிப் பார்ப்பார். சரியாகவில்லை என்றால் பழைய ஒயரையே திரும்ப மாட்டி, மைக்கை மாற்றுவார். கடைசியில் ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, எந்த இடத்தில் கொரகொரக்கிறது என்று காது கொடுப்பார். “ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். ரெண்டையும் சேர்த்து மாத்திட்டா, எது பொய் சொல்லிச்சுன்னு தெரியாமலே போயிடும்” என்பார்.

அறுபதுகளின் கடைசி; ஆட்சி மாறி, கூலிக்குப் புதுச் சட்டம் வந்திருந்த காலம். சட்டம் வந்ததே தவிர, எங்கள் களத்தில் கூலி நெல் அளக்கிற மரக்கால் மாறவில்லை. சம்பா அறுவடைக்கு முன்னால் ஒரு நாள் மாலை அந்தக் களத்திலேயே தொழிலாளர் கூட்டம் போட்டோம். கூலி உயரும்வரை யாரும் அரிவாள் எடுப்பதில்லை என்று எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். பேச்சாளன் நான். மைக் செட் கமால் பாயுடையது. முந்தின வாரம்தான் மிராசுதார் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவர் குழாய் கட்டியிருந்தார்.

நான் வாயைத் திறந்ததும் மைக் விட்டு விட்டுப் போனது. ஒரு சொல் கேட்டால் நாலு சொல் காணாமல் போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள், “ஒண்ணும் கேக்கல” என்று எழுந்தார்கள். பாய் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், பிறகு என்னிடம் வந்தார். “தோழர், ஒரு நிமிஷம். ஒயரைக் கையிலேர்ந்து விடுங்க, பாத்துடறேன்” என்று கையை நீட்டினார். என் பேச்சை நிறுத்த வருகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. மைக்கை வெடுக்கென்று அவருக்கு எட்டாமல் இழுத்து, “மிராசுதார் வீட்டுல கத்துன மைக்கு, நம்ம கூட்டத்துல ஊமையாப் போச்சு பாத்தீங்களா” என்றேன்.

அந்த ஒரு வாக்கியம் மட்டும் முழுசாகக் கேட்டது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

தென்னையில் கட்டியிருந்த குழாயைக் கூட்டத்தில் இருந்தவர்கள் பிடுங்கிப் போட்டார்கள். பெட்டியை வாய்க்காலில் தள்ளினார்கள். பாயின் இடது காதில் யாரோ ஓங்கி அறைந்தார்கள். அது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விரல் என் பக்கமும் திரும்பியிருக்கும். கூட்டம் கலைந்தது. மறுநாள் வெளியூர் ஆட்கள் அறுப்புக்கு இறங்கினார்கள். எங்களிலும் பாதிப் பேர் இறங்கினார்கள்.

மூன்றாம் நாள் பாய் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். காதில் பஞ்சு வைத்திருந்தார். மைக்கை என் கையில் கொடுத்து, “அன்னைக்குப் பிடிச்ச மாதிரி பிடிங்க” என்றார். பிடித்தேன். உழவு மாட்டை ஓட்டிப்போகிறவன் கயிற்றைச் சுற்றிக்கொள்வது போல, ஒயரை முஷ்டியில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தேன். அப்படிச் சுற்றியது எனக்கே தெரியவில்லை. பாய் பிளேடால் மைக்கின் கழுத்தருகே ஒயரைக் கீறிக் காட்டினார். உள்ளே முடி போன்ற செம்புக் கம்பிகள் அறுந்திருந்தன. “இங்கதான். இறுக்குனா விடுது, இழுத்தா சேருது” என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“இத நீங்களே மைக்குல சொல்லிடுங்க, தோழர். நான் சொன்னா எடுபடாது” என்றார். அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன். அடுத்த கூட்டத்துக்குள் எங்கள் மேல் வழக்குப் போட்டார்கள். “இப்ப போயி நம்ம தப்பை நாமே சொல்லணுமா?” என்று கூட இருந்தவர்கள் கேட்டார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. காட்டிக்கொடுத்தவர் என்ற பேச்சு சுற்றுவட்டாரமெல்லாம் பரவி, அவர் மேலேயே தங்கிவிட்டது.

பல வருஷம் கழித்து என் மகள் கல்யாணத்துக்கு மைக் செட் கட்ட அவரைத்தான் அழைத்தேன். அதுவே பரிகாரம் என்று நினைத்துக்கொண்டேன். நன்றி சொல்லும் நேரத்தில் அவர் மைக்கைக் கொண்டுவந்து, ஒயரை நேராக நீவி என் கையில் வைத்தார். எதிரே ஊர் மொத்தமும் இருந்தது. சமையல்காரர் முதல் எல்லோருக்கும் நன்றி சொன்னேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. மைக்கைத் திரும்ப வாங்கியபோது, “இன்னைக்கு மைக்கு நல்லாத்தான் வேலை செஞ்சுது, தோழர்” என்றார். அதன்பின் அவர் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

அடக்கம் முடிந்து அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஜெரினா தண்ணீர் கொண்டுவந்தாள். “அத்தாவுக்கு இடது காது சுத்தமா கேக்காதுல்ல மாமா, நேத்து ராத்திரி கடைசியா நான் கூப்பிட்டது கேட்டிச்சோ இல்லியோ. குழாய்க்குப் பக்கத்துலயே நின்னு நின்னு போச்சுன்னு சொல்வாங்க” என்றாள். வீட்டில்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறார்.

அன்று அவர் கீறிக் காட்டி, வெட்டிப் போட்டுவிட்டுப் போன விரல் நீள ஒயர் என் பெட்டியில் இருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் உள்ளது அது ஒன்றுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே களத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம். முதலில் பேச என்னைத்தான் அழைத்திருக்கிறார்கள். பாயின் மைக்கில் குறையில்லை, அவர் மனசிலும் குறையில்லை, குறை என் கையில்தான் இருந்தது என்று சொல்லப் போகிறேன். ஜெரினா முன்வரிசையில் இருப்பாள். இரண்டு முறை என்னால் முடியாமல் போனது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். அன்றும் எனக்கு வாய் வரவில்லை என்றால், உங்களில் யாராவது என் கையிலிருந்து மைக்கை வாங்கி இதைப் படித்துவிடுங்கள்.