பூசணிக்காய் உடைக்க எங்க அப்பா

எம் பையனை ஒண்ணாவதுல சேர்த்த புதுசுல, அவன் ஸ்கூல்ல பெத்தவங்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு மீட்டிங் போட்டாங்க. ஸ்கூல்ல ஆயுத பூஜை, கிறிஸ்துமஸ் எல்லாம் கொண்டாடலாமா வேணாமான்னு பேச்சு. ஐடி கம்பெனியில வேலை பாக்கிற ஒருத்தர் எழுந்து, "இதுல மதம் எங்க இருக்கு? இது நம்ம கல்ச்சர். கொழந்தைங்க சந்தோஷமா இருக்கட்டுமே"ன்னார். எல்லாரும் தலையாட்டினாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "பூசணிக்காயை யார் சார் உடைப்பாங்க?" அவருக்கு விளங்கல. "அதுக்கு யாராவது கெடைப்பாங்க மேடம்"னு சிரிச்சார்.

நான் அஞ்சாவது படிச்சப்ப அந்த 'யாராவது' எங்க அப்பாதான்.

அப்பா கோலார் தங்கவயல்ல சுரங்கத்துக்குள்ள எறங்கி வேலை பாத்தவர். அங்க வேலை கொறைய ஆரம்பிச்சதும் எங்களைக் கூட்டிக்கிட்டு, தமிழும் கன்னடமும் கலந்து பேசற நீலசந்திராவுக்கு வந்து, கட்டட வேலைக்குப் போயிட்டிருந்தார். வீட்டுல புத்தர் படம் மட்டும்தான் இருக்கும். நாங்க பௌத்தம்னு சொல்லுவோம். கேக்கிறவங்க ஓஹோன்னுட்டு, சொந்த ஊரு எது, எந்தத் தெருன்னு தோண்டித் தோண்டி என்ன சாதின்னு கண்டுபிடிச்சுக்குவாங்க. எங்க கவர்மெண்ட் ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸை பெரிய மிஸ்னு கூப்பிடுவோம். அந்தம்மா என்னைச் சேர்த்த அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டாங்க.

தசரா லீவு விடறதுக்கு முந்தின நாள் ஸ்கூல்ல ஆயுத பூஜை நடக்கும். மணி, கரும்பலகை, பீரோ, வாத்தியாருங்க வண்டி எல்லாத்துக்கும் பொட்டு வெச்சு, பொரியும் கடலையும் குடுப்பாங்க. அஞ்சாவதுல மொதல் ரேங்க் எடுத்த புள்ளைதான் குத்துவெளக்கு ஏத்தணும், அது அந்த ஸ்கூல் வழக்கம். கடைசியா கேட்டுக்கு வெளிய பூசணிக்காய் உடைக்கணும். திருஷ்டி எல்லாம் அந்தக் காயோட போயிடுமாம். உடைச்சவன் திரும்பிப் பாக்காம நேரா வீட்டுக்குப் போயிடணும், தலை முழுகாம உள்ள கால் வைக்கக் கூடாது. திரும்பிப் பாத்தா போன திருஷ்டி திரும்பி வந்துடும்னு நம்பிக்கை. அதனால அந்த வேலைக்கு எந்த வாத்தியாரும் முன்னாடி வரமாட்டார். ஒருத்தருக்குத் தோள்பட்டை வலி, ஒருத்தர் வீட்டுல மாசமா இருப்பாங்க.

அந்த வருஷம் அஞ்சாவதுல நான்தான் மொதல் ரேங்க். வெளக்கு ஏத்தறதுல எனக்கு பக்தியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. எல்லாரும் பாக்க, நான்தான் மொதல்ல வந்தேன்னு காட்டிக்கணும். அவ்வளவு ஆசை. அம்மா பச்சைப் பாவாடை தைச்சு வெச்சிருந்தாங்க.

பூஜைக்கு முந்தின நாள் பெரிய மிஸ் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு உங்கப்பாவை வரச் சொல்லு, பூசணிக்காய் உடைக்கணும். நல்ல பலசாலி"ன்னாங்க. எனக்குத் தலை கால் புரியல. வெளக்கு நானு, பூசணிக்காய் எங்கப்பா, ஸ்கூலே எங்க கையிலன்னு தெரு முழுக்கத் தம்பட்டம் அடிச்சேன். வீட்டுல சொன்னதும் அம்மா மூஞ்சி சுண்டிப்போச்சு. "வேற ஆளா கெடைக்கல அவங்களுக்கு?"ன்னாங்க. அப்பா, "புள்ள வெளக்கு ஏத்தறத வாசல்ல நின்னு பாத்துட்டு, நான் காயை உடைச்சுட்டு வந்துடறேன். வாயை மூடு"ன்னார்.

மறுநாள் வெளக்குக்கு முன்னாடி மெழுகுவத்தியோட நிக்கறேன். பெரிய மிஸ் சிரிச்சுக்கிட்டே வந்து அதை என் கையிலேர்ந்து வாங்கினாங்க. "உங்கப்பாவுக்கு ஒரு மரியாதை குடுத்தாச்சில்ல? ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும்மா." ரெண்டாவது ரேங்க் புள்ளை கையில குடுத்துட்டாங்க. அப்புறம் பக்கத்துல இருந்த மிஸ்கிட்ட கன்னடத்துல, இதுங்க கையால ஏத்தினா வெளங்கவா போகுதுன்னாங்க. நீலசந்திராவுல வளர்ற புள்ளைக்குக் கன்னடம் தெரியாதுன்னு யார் சொன்னாங்களோ. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்லுவாங்க. இங்க சாமி வாயே தெறக்கல. பூசணிக்காய் மரியாதை இல்ல, மரியாதை குடுக்காம இருக்கறதுக்கு ஒரு சாக்குன்னு அப்பதான் புரிஞ்சுது.

அப்பா எல்லாத்தையும் வாசல்லேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தார். காயில கற்பூரம் ஏத்திக் குடுத்தாங்க, சுத்தினார், ரோட்டுல ஓங்கி அடிச்சார். குங்குமமும் சதையுமா கேட்டு முன்னாடி செதறிச்சு. வழக்கப்படி திரும்பாம நடக்க ஆரம்பிச்சார்.

"ஏய், நீ போய் அந்தத் துண்டெல்லாம் ஓரமா பெருக்கிவிடு. வண்டி சறுக்கப் போகுது"ன்னு பெரிய மிஸ் என் கையில வெளக்கமாத்தைத் திணிச்சாங்க. எத்தனையோ புள்ளைங்க நின்னாங்க. பச்சைப் பாவாடையோட ரோட்டுல குனிஞ்சேன், அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "அப்பா"ன்னு கூப்பிட்டேன்.

அவர் திரும்பிப் பாத்தார்.

உள்ள எல்லாரும் பதறிட்டாங்க. "திரும்பிட்டியேப்பா, அறிவில்ல உனக்கு? இன்னொரு காய் வாங்கிட்டு வரச் சொல்றேன், மறுபடி உடை"ன்னு படியிலேர்ந்து பெரிய மிஸ் கத்தினாங்க. அப்பா வந்து என் கையிலேர்ந்து வெளக்கமாத்தை வாங்கி கேட்டுல சாத்தினார். "உடைக்கிறேன் மேடம். எத்தனை காய் வேணும்னாலும் உடைக்கிறேன். எம்புள்ள கையில வெளக்கமாறு குடுக்கிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுதான் இருப்பேன்." எங்கப்பா அவ்வளவு நீளமா பேசி நான் கேட்டதே இல்ல.

பெரிய மிஸ்ஸுக்குக் கோபம் தலைக்கு ஏறி, செருப்புகூட போடாம வேகமா எறங்கி வந்தாங்க. பெருக்காம கெடந்த பூசணிச் சதையில கால் வெச்சாங்க. மல்லாக்க விழுந்தாங்க, பட்டுப்பொடவையெல்லாம் குங்குமம். கணுக்கால் ஒரு பக்கமா மடங்கிப்போய், வலியில மூஞ்சி கோணிக்கிச்சு. மொதல்ல ஓடினது எங்கப்பாதான். குனிஞ்சு கையை நீட்டினார்.

"தொடாதே. நீ இன்னும் குளிக்கல"ன்னாங்க, கீழ கெடந்துக்கிட்டே.

நீட்டின கை அப்படியே நின்னுச்சு. நான் சிரிச்சேன். சத்தமா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சிரிச்சேன். கல்நெஞ்சக்காரின்னு சொல்றவங்க சொல்லிக்கட்டும், இன்னிக்கு நெனைச்சாலும் எனக்கு சிரிப்புதான் வருது. அப்பா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நடந்தேன். பின்னாடி அந்தம்மா யாராவது வாங்களேன்னு அழற சத்தம் கேட்டுச்சு. அப்பா நடை தளர்ந்து, கழுத்து லேசா அந்தப் பக்கம் போச்சு.

"திரும்பிப் பாக்காதப்பா"ன்னேன். "பாக்கக் கூடாது. அவங்க வழக்கம்."