கிடைக்கக் கூடாத காசு

என் தம்பிக்கு நாணயம் சேர்க்கிற பைத்தியம் ஒரு பையனின் தொண்டையிலிருந்து தொற்றியது. கேட்டால் சிரிப்பு வரும். நானும் அன்றைக்குச் சிரித்தவள்தான்.

அவனுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. வீட்டில் அவனுக்குப் படக்காரன் என்றுதான் பெயர். பொத்தான், ஊசி, காசு என்று கண்டதை முழுங்கிவிட்டு வருகிற பிள்ளைகளை முதலில் அவன் மெஷின் முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒரு நாள் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் தன் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். படத்தில் நடுவே ஓட்டையோடு ஒரு வட்டம். போல்ட்டுக்கு மாட்டுகிற வாஷர் என்று எல்லாரும் முடிவு கட்டியபோது, அந்த மனிதர் இல்லை, அது தான் கொண்டுவந்த வெளிநாட்டுக் காசு, அங்கே நடுவில் ஓட்டை போட்டுத்தான் அடிப்பார்கள் என்றாராம். வெளியே எடுத்த பிறகு அதைத் தொடவே அவருக்கு மனசில்லை. நம்ம ஆள் சோப்புப் போட்டுக் கழுவி, காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

அதைத் தூக்கிப் பிடித்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தான். நல்லா கழுவினியாடா என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பிறகு அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

புதிதாகச் சைக்கிள் ஓட்டப் பழகினவன் சும்மா இருக்கிறானா? அவனும் இருக்கவில்லை. வாங்கிய பழைய செப்புக் காசுகளையெல்லாம் பற்பசை போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, அவற்றை விற்ற கடைக்காரரிடமே கொண்டுபோய்க் காட்டினான். அவர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். பழைய காசின் மேல் படிந்த கறுப்புதான் அதற்கு மதிப்பாம், அதைத் தேய்த்தால் போச்சாம். இரண்டு நாள் யாரோடும் பேசாமல் உம்மென்று திரிந்தான். அடுத்த மாதம் போலிக் காசு ஒன்றை வாங்கி ஏமாந்தான். போலி என்றால் எடை குறையும் என்று யாரோ சொல்ல, உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னத் தராசு வாங்கிவிட்டான். பட்டன் பேட்டரி போட்டு ஓடுகிற தராசு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், ஆல்பத்தைத் திறந்து வைத்து ஒவ்வொரு காசாக நிறுப்பான். போன வாரம் நிறுத்த காசு இந்த வாரம் இளைத்துவிடுமா, அதற்கென்ன காய்ச்சலா என்று தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே கேட்பேன். அவன் காதில் ஏறாது.

அவனுக்கு ஏற்ற மகள். மூன்றரை வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம், பெயருக்குத் தகுந்த வாலு. மேஜை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு அப்பா செய்வதைக் கண் கொட்டாமல் பார்ப்பாள். ஆல்பத்தில் இருக்கிற ஒவ்வொரு பிளாஸ்டிக் பையும் ஒரு காசின் வீடு, வெளியே வந்த காசை அதன் வீட்டில் விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தான். அவளும் அச்சுப் பிசகாமல் விடுவாள். தராசில் பேட்டரி மாற்றினாலும் பக்கத்திலேயே நிற்பாள். பேட்டரிக்கு மேல் இருந்த மூடி இறுக்கம் விட்டுப்போய் நகம் பட்டாலே நகரும். டேப் ஒட்டணும், ஒட்டணும் என்று அவனும் சொல்லிக்கொண்டேதான் இருந்தான்.

அவன் சேர்த்ததிலேயே அவனுக்கு உயிர் ஒரு காசு. நடுவில் மஞ்சள் உலோகம், சுற்றிலும் வெள்ளை உலோகம், இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி அடித்தது. நான் அதற்கு முட்டைக்காசு என்று பெயர் வைத்தேன். முதல் பக்கத்தில் நட்ட நடுவில் அதன் வீடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாலுவுக்கு நான்தான் சாப்பாடு ஊட்டினேன். ஊட்டிவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன். தம்பி மனைவி துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். தம்பி ஆல்பத்தையும் தராசையும் மேஜையிலேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தான். கொஞ்ச நேரத்தில் வாலு என் பக்கத்தில் வந்து நின்றாள். வாயோரமாக எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. கழுத்தைத் தொட்டுக் காட்டி, "வலிக்குது அத்தை" என்றாள். வாயைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை, அப்படியே வெளியே வழிந்தது.

நான் போட்ட சத்தத்தில் தம்பி ஈரத் தலையோடு ஓடி வந்தான். பார்த்ததும் அவன் கண் ஆல்பத்துக்குப் போனது. முதல் பக்கத்தில் நட்ட நடு வீடு காலி.

"காசை முழுங்கினியாம்மா?" என்றான். அவள் தலையாட்டினாள். அந்த நேரத்தில் யானையை முழுங்கினியா என்று கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பாள். அதை அப்போது யோசிக்க யாருக்குப் புத்தி இருந்தது?

உண்மையைச் சொன்னால், அவன் முகத்தில் பயம் குறைந்ததைத்தான் நான் பார்த்தேன். காசுதான், வாரத்துக்கு ஒன்று பார்க்கிறேன், எடுத்துவிடுவார்கள் என்று மனைவிக்கு அவனே தைரியம் சொன்னான். பிள்ளையை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு இருவரும் பைக்கில் போனார்கள். பைக்கில் அதற்குமேல் இடமில்லை, நான் வீட்டிலேயே நின்றுகொண்டேன்.

அங்கே நடந்ததைத் தம்பி மனைவி பிறகு சொன்னாள். படத்தை அவனே எடுத்திருக்கிறான். உணவுக்குழாயின் மேல் பகுதியில் வட்டமாக ஒன்று. வட்டத்துக்குள் இன்னொரு வளையம் மங்கலாகத் தெரிந்திருக்கிறது. குழந்தைகள் டாக்டரம்மா அதைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கிவிட்டார். காசு என்றால் ஒரே சீராகத் தெரியும், பட்டன் பேட்டரி என்றால்தான் இப்படி இரட்டை வளையம் தெரியும் என்றிருக்கிறார். நம்ம ஆள் விடவில்லை. இல்லை மேடம், அது என் காசு, இரண்டு உலோகம் சேர்த்தது, அதனால்தான் வளையம், ஆல்பத்தில் அந்த இடம் காலியாக இருப்பதை என் கண்ணால் பார்த்தேன் என்று அடித்துப் பேசியிருக்கிறான். பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும் என்று முயன்றார்கள். பிள்ளை துள்ளித் துள்ளிப் படம் கலங்கிவிட்டது.

காசு என்றால் அவசரம் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறாள், இப்போது மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, சாயங்காலம் வரை பொறுக்கலாம். பேட்டரி என்றால் பொறுக்க முடியாது. தொண்டை ஈரத்தில் அது உள்ளேயே சதையை அரிக்க ஆரம்பித்துவிடும், இரண்டு மணி நேரம் கூடத் தாங்காது. டாக்டரம்மா பக்கவாட்டுப் படத்தை மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டு, அதற்குள் அந்தக் காசு வீட்டில் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள் என்றாராம்.

தம்பி எனக்குப் போன் செய்தான். இதையெல்லாம் அரைகுறையாகச் சொல்லிவிட்டு, "அக்கா, அந்த முட்டைக்காசு வீட்டுல எங்கயாவது கிடக்குதான்னு பாரு" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "கிடைக்கக் கூடாதுக்கா" என்றான்.

தேடுகிற பொருள் கிடைக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டு அதற்கு முன்னால் நான் எதையும் தேடியதில்லை. மேஜைக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சோபா மெத்தையைத் தூக்கினேன். தையல் மெஷின் கீழே குவிந்திருந்த வெட்டுத்துணியை ஒவ்வொன்றாக உதறினேன். அவள் பொம்மைக் கூடையைத் தரையில் கவிழ்த்தேன். இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. காசு உள்ளேதான் இருக்கிறது, பிழைத்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம்தான் பேட்டரி போடுகிற சாமான்களையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. டிவி ரிமோட்டில் இருந்தது நீளப் பேட்டரி. கடிகாரத்திலும் அதேதான். பேசுகிற பொம்மை வாங்கிய மறுநாளே ஊமையாகிவிட்டது, அதன் பேட்டரி மூடி திருகாணி போட்டபடி இருந்தது. மிச்சம் தராசு. மேஜையில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. பொத்தானை அழுத்தினேன். எரியவில்லை. காலையில் அவன் நிறுத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேனே. இன்னொரு தடவை அழுத்தினேன், இல்லை.

திருப்பி மூடியை நகர்த்தினேன். உள்ளே வட்டமாக ஒன்று வெள்ளையாக மின்னியது. அப்பாடா, பேட்டரி இருக்கிறது என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு பாதியில் நின்றுவிட்டது. நடுவில் மஞ்சள்.

அளவு அவ்வளவு கச்சிதம். வீட்டை விட்டு வெளியே வந்த காசுக்கு வாலு ஒரு வீடு கண்டுபிடித்து அதில் விட்டு, மூடியையும் ஒழுங்காகச் சாத்தியிருக்கிறாள். அந்த வீட்டில் முன்னால் இருந்ததை என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

தம்பிக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. அவன் மனைவிக்குப் போட்டேன், எடுக்கவில்லை. இரண்டு பேரும் இரண்டாவது படத்துக்காகப் பிள்ளையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். ஆஸ்பத்திரி எண்ணுக்குப் போட்டால் ஒரு பெண் குரல், என்ன விஷயம், எந்தப் பிரிவு என்று நிதானமாகக் கேட்டது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ. எக்ஸ்ரே ரூமுக்கு இப்பவே ஓடு, அது காசு இல்லை என்று சொல்லு, ஓடு என்று கத்தினேன். அந்தப் பெண் நல்லவள். போனைக்கூட வைக்காமல் ஓடினாள். அவள் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது.

தம்பி லைனுக்கு வந்தான். "காசு இங்க இருக்குடா," என்றேன். "தராசுக்குள்ள இருக்கு. பேட்டரி இல்ல."

போன் கீழே விழுகிற சத்தம் வந்தது. பிறகு தூரத்தில் அவன் டாக்டரம்மாவைக் கூப்பிடுகிற குரல். என் தம்பி குரல் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வயிறு நிறைந்திருந்தாலும் வேறு வழியில்லை என்று டாக்டரம்மா துணிந்துவிட்டாராம். கதவுக்கு எதிரே தம்பி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். தலை இன்னும் சீவவில்லை. அவன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். பார்த்ததும் பக்கத்தில் உட்காரத்தான் முடிந்தது.

"வளையத்தை நான் பார்த்தேன்க்கா. அவங்க சந்தேகப்பட்டாங்க. நான்தான் என் காசு, என் காசுன்னு சொன்னேன்."

அவன் மனைவி எதிர் பெஞ்சில் இருந்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டிலிருந்தே மூடி வைத்திருந்த கையை நான் அப்போதுதான் திறந்தேன். முட்டைக்காசு உள்ளங்கையில் பதிந்து அச்சு விழுந்திருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா சின்னப் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். ஒரு பக்கம் கருகிப்போயிருந்தது. பிள்ளை முழித்துவிடுவாள், ஆனால் உள்ளே புண் ஆழமாக இருக்கிறது, இப்போது ஓட்டை விழவில்லை, இனி விழாது என்று நான் சொல்ல மாட்டேன் என்றார். சில நாளைக்கு வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. மூக்கில் குழாய் விட்டார்கள். தண்ணி, தண்ணி என்று அவள் கம்மிய குரலில் கேட்கும்போது நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்ற கொடுமையை விரோதிக்கும் நினைக்க மாட்டேன்.

பிறகு ஒரு காலை டாக்டரம்மா வந்து, மருந்தைக் குடிக்கக் கொடுத்துப் படம் பார்க்கலாம் என்றார். வெள்ளையாக ஒரு மருந்து. அது தொண்டையில் இறங்குவது திரையில் தெரியும். நேரே வயிற்றுக்குப் போனால் புண் தாங்குகிறது. வழியில் பக்கத்தில் கசிந்தால் ஓட்டை.

தம்பி வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள் என்றான். அன்றைக்குப் பார்த்ததே போதும், என் கண்ணை நான் நம்ப மாட்டேன் என்றான்.

"படம் நீங்க எடுங்க, பார்க்கிறது நான் பார்க்கிறேன்," என்றார் டாக்டரம்மா. "உங்க குரல் கேட்டாதான் அவ அசையாம இருப்பா."

அவன் மனைவி எக்ஸ்ரே படாமலிருக்கக் கனத்த மேலங்கியை மாட்டிக்கொண்டு பிள்ளையைப் பிடித்து நின்றாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவன், டாக்டரம்மா, பின்னால் நான். பொத்தான் மேல் அவன் விரலை வைத்தான். அப்பா சொல்றப்ப ஒரு வாய் முழுங்கணும் என்று மைக்கில் சொன்னான். குரல் எப்படியோ நடுங்கவில்லை.

அவள் முழுங்கினாள். திரையில் வெள்ளைக்கோடு ஒன்று இறங்கியது. புண் இருந்த இடத்தில் கொஞ்சம் குறுகி, தயங்கி நின்றது. நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா திரையோடு ஒட்டிப் போனார். கோடு மறுபடி அகன்று நேரே கீழே போய்விட்டது.

"இன்னொரு வாய்," என்றார். அதுவும் போனது.

"கசிவு இல்ல," என்றார். "தண்ணி கொடுக்கலாம்."

தம்பி பொத்தானிலிருந்து கையை எடுக்கவே மறந்து நின்றான். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் மனைவி, அத்தனை நாளில் முதல் தடவையாக, அவனை நிமிர்ந்து பார்த்தாள். வாலு வாயோரம் வெள்ளையாக வழிய அப்பாவைத் தேடினாள்.

"அப்பா, உள்ள இன்னும் ஏதாவது இருக்கா?"

அவன் மைக்கை அணைக்க மறந்துவிட்டு அழுதான். அறை முழுக்கக் கேட்டது.

"ஒண்ணும் இல்லம்மா," என்றான். "காலியா இருக்கு."