மறுபாதியைச் சொன்ன குரல்

ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். நான் ஜெர்மனியில் ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் என்னை றெஜினா அக்கா என்பார்கள். வாய் கொஞ்சம் நீளம் என்றும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான்.

2006ஆம் ஆண்டு ஜூலை மாதம். எரிக்கிற வெயில். உலகக்கிண்ண உதைபந்தாட்டம் முடிந்தும் பல்கனிகளில் கொடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு பாட்டாவுக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு ரெலிபோன் வந்தது. என் மகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய மறைபணி அலுவலகத்திலிருந்து ஒரு கன்னியாஸ்திரி பேசினார். ஜெனிற்றாவுக்குக் கடுமையான நியூமோனியா. அங்கே இப்போது குளிர்காலம், மலையில் பனி கொட்டிப் பாதை அடைபட்டுவிட்டது. விமானமும் இறங்க முடியாது. அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது, செபியுங்கள் என்றார்.

இங்கே நான் வியர்த்து ஒழுகுகிறேன், அங்கே என் பிள்ளை பனிக்குள் கிடக்கிறாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அவளுடைய அப்பா அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவள் எப்படி அங்கே போனாள் என்று சொல்ல வேண்டும். தாதிப் படிப்பு முடித்து, இங்கே நல்ல ஆஸ்பத்திரியில் வேலையும் எடுத்தாள். நான் லண்டனில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகச் சொன்னாள்.

"அம்மா, நான் லெசோத்தோ போறன். ரெண்டு வருசம்."

"எங்கையடி கிடக்குது அது?"

"தென்னாபிரிக்காவுக்கு நடுவிலை. சின்ன நாடு. ராசா இருக்கிறார்."

"ராசா இருந்தால் ராசா பாக்கட்டும். நீ ஏன் போறாய்?"

சிரித்தாள். போய்விட்டாள். உலகப்படத்தில் தேடினேன். என் பெருவிரலை வைத்தால் அந்த நாடு முழுவதும் மறைந்து போகிறது.

அவள் சொல்லச் சொல்லத்தான் அந்த நாட்டின் கஷ்டம் எனக்கு விளங்கியது. ஆம்பிளைகள் எல்லை கடந்து தங்கச் சுரங்கத்துக்குப் போவார்கள். சுவாசப்பை பழுதாகி, கூடவே எயிட்ஸையும் கொண்டு திரும்பி வருவார்கள். பெண்கள் தலைநகரத்தில் ஜீன்ஸ் தைப்பார்கள். தொழிற்சாலையைப் பூட்டினால் வெறுங்கையோடு மலைக்குத் திரும்புவார்கள். மழை பொய்த்தால் சோளமும் இல்லை. சனிக்கிழமை என்றால் எந்தக் கிராமத்திலும் ஒரு செத்தவீடு. எங்கள் ஊரில் குண்டு செய்ததை அங்கே எயிட்ஸ் வருத்தம் செய்துகொண்டிருந்தது.

முதல் வருட முடிவில் அவள் லீவில் வந்தாள். பூசை முடிந்த பிறகு என்ன வேலை என்று சனம் கேட்டது. அவள் என்னைப் போலவே மறைக்கத் தெரியாதவள். எயிட்ஸ் வருத்தக்காரரைப் பார்க்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அன்றோடு முடிந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் தேத்தண்ணியைத் தொடவில்லை. மே மாதம் எங்கள் சனத்திடம் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு வீட்டிலும் கூடிச் செபமாலை சொல்லுவோம். அந்த வருடம் சுரூபம் என் வீட்டைத் தாண்டிப் போனது. வீடுகளை ஒழுங்கு செய்கிற திரேசாவிடம் கேட்டேன்.

"அது அக்கா, இந்த முறை வீடுகள் கூடிப்போச்சு. குறை நினைக்காதையுங்கோ."

"நான் குறை நினைக்கேல்லை பிள்ளை. மாதா நினைப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிவிட்டு விக்கி விக்கி அழுதேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருந்த ஒரே செபக் கூட்டம் என் மகள்தான். ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் மூன்று மணிக்கு ரெலிபோன் காட் போட்டு அவளுடைய கைபேசிக்கு எடுப்பேன். அவள் வேலை செய்கிற மலைக் கிளினிக்கில் சிக்னல் இல்லை. அவள் ஒரு மேட்டில் ஏறி நின்று கதைப்பாள். காட் முடிவதற்குள் செபமாலையில் பத்து மணிகளை மட்டும் சொல்லுவோம். செபமாலை எப்படிச் சொல்லுவோம் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் "அருள் நிறைந்த மரியே" என்று முற்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் "அர்ச்சிஷ்ட மரியே" என்று மறுபாதியால் பதில் சொல்ல வேண்டும். நான் தொடங்குவேன், அவள் முடிப்பாள். அவள் குரலோடு காற்றும் சேர்ந்து இரையும்.

இப்போது அந்தக் குரல் இல்லை. நம்பரை அடித்தால் மெஷின் பெண்ணொருத்தி ஏதோ சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அலுவலகத்துக்கும் புதிதாக ஒரு செய்தியும் இல்லை. வேலைக்குப் போனேன், கழுவினேன், துடைத்தேன், தாத்தாமாரைப் பார்த்துச் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தமிழ்ச் சனத்திடம் சொல்லச் சொல்லி மனம் சொன்னது. போய்ச் சொன்னால் என்ன சொல்வார்கள்? பாத்தியே, அந்த வருத்தம் தொத்திப்போச்சு என்பார்கள். ஐயோ, அதை என் காதால் கேட்க எனக்குப் பலம் இல்லை.

செபமாலையை எடுத்தேன். முற்பாதியைச் சொன்னேன். மறுபாதிக்கு ஆள் இல்லை. நானே சொல்லியிருக்கலாம். தனித்திருக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு வீம்பு வந்துவிட்டது. "மாதாவே, நீயும் பிள்ளை பெத்தவள்தானே? மறுபாதி சொல்ல எனக்கு ஒரு ஆளைத் தா. அதுவரைக்கும் நான் பாதியோடைதான் நிப்பன்" என்று சத்தமாகவே சண்டை பிடித்தேன். பிறகு ஒவ்வொரு மணிக்கும் பாதியைச் சொல்லி, பதில் வருகிற அளவு நேரம் பேசாமல் இருந்தேன். அந்த இடைவெளியில் குளிர்சாதனப்பெட்டி உறுமுகிற சத்தம்தான் கேட்டது. அப்படி ஒரு தனிமையை என் எதிரிக்கும் நினைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்று மணிக்குக் கை தன்பாட்டில் நம்பரை அடித்தது. நம்பிக்கை இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பழக்கதோஷம்.

மணி அடித்தது!

யாரோ எடுத்தார்கள். காற்று இரைந்தது. ஒரு பெண்ணின் குரல், மகளுடையது இல்லை. "மாஜெனிற்றா?" என்று கேட்டது. அந்த நாட்டில் ஒரு தாயைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். ஜெனிற்றாவின் தாயா என்று கேட்கிறாள். ஓம், ஓம் என்று கத்தினேன். அவள் தன் பாஷையில் வேகமாக ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. என் ஜெர்மன் அவளுக்குத் தெரியாது, அவளுடைய பாஷை எனக்குத் தெரியாது. பிள்ளை இருக்கிறாளா, செத்துவிட்டாளா? அதைக் கேட்க என்னிடம் சொல் இல்லை. 

என்ன செய்வதென்று தெரியாமல் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினேன். பாதி முடிந்தது. வழமை போல நிறுத்தினேன்.

மறுபாதி வந்தது.

அவளுடைய பாஷையில், எங்கள் ராகத்தில். அதில் மரியா என்ற ஒரு சொல்தான் எனக்கு விளங்கியது. அழுதுகொண்டே இரண்டாம் மணியைத் தொடங்கினேன். அதற்கும் பதில் வந்தது. அவள் குரலில் நடுக்கம் இல்லை. செத்தவீட்டுக் குரல் எனக்குத் தெரியும், நான் போரிலிருந்து வந்தவள். இது அந்தக் குரல் இல்லை. ஐந்தாம் மணிக்குள் என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தும் முடிந்த பிறகு அவள் தேடிப் பிடித்து ஒரு ஆங்கிலச் சொல் சொன்னாள். "ஜெனிற்றா ஈற். ஈற்!" ஜெனிற்றா சாப்பிடுகிறாள்.

பாதை திறந்து, மகளைத் தலைநகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் முழுக் கதையும் தெரிந்தது. அந்தப் பெண் கிளினிக்கில் சமைப்பவள். பெயர் மாத்தாபோ, தாபோ என்ற மகனின் தாய். புருசன் சுரங்கத்தில் பிடித்த வருத்தத்தோடு செத்துப்போனவன். அவள் வேலை செய்த ஜீன்ஸ் தொழிற்சாலையும் பூட்டப்பட்டுவிட்டது. அவளுக்கும் அதே எயிட்ஸ் வருத்தம், என் மகளிடம் மருந்து எடுப்பவள். ஞாயிறுதோறும் மகளைத் தனியே விடாமல் மேட்டுக்குக் கூட வந்து, பக்கத்தில் இருந்து எங்கள் செபத்தைக் கேட்டுப் பழகியவள். ஜெனிற்றா மூச்சு விட முடியாமல் கிடந்தபோது தன் கம்பளியைப் போர்த்தி, மடியில் சாய்த்து இருத்தி வைத்திருந்தாளாம். மூன்று மணிக்கு ஒரு தாய் காத்திருப்பாள் என்று, முழங்கால் பனியில் கைபேசியோடு மேடு ஏறியிருக்கிறாள்.

எந்த வருத்தத்துக்குப் பயந்து என் வீட்டைத் தாண்டிப் போனார்களோ, அந்த வருத்தக்காரிதான் என் பிள்ளையை மடியில் வைத்துக் காப்பாற்றினாள். திரேசாவின் வீட்டுக்குப் போய் இதை அப்படியே சொன்னேன். அவள் வாசலில் நின்றபடியே அழுதுவிட்டாள். ஒக்டோபரும் செபமாலை மாதம், அந்த முறை சுரூபம் என் வீட்டுக்கு வந்தது. சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை. வந்தவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள்.

செய்தி வந்த அன்று மகளை என்னிடமே திருப்பித் தா என்றுதான் நான் மாதாவிடம் கேட்டிருந்தேன். அது நடக்கவில்லை. மார்கழியில் எலும்பும் தோலுமாக வந்தாள், சாப்பிட்டுத் தேறினாள், உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் திரும்பிப் போய்விட்டாள். இந்த முறை நான் மறிக்கவில்லை. மாத்தாபோவுக்கு ஒரு தடித்த கம்பளி வாங்கிக் கொடுத்துவிட்டேன். அவள் மருந்தோடு சுகமாக இருக்கிறாள். ஞாயிறு மூன்று மணிக்கு இப்போது மேட்டிலிருந்து இரண்டு குரல்கள் பதில் சொல்கின்றன.

மற்ற நாட்களில் இந்த வீடு இன்னும் வெறிச்சென்றுதான் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் தனிமையில் சொன்ன பாதிச் செபமும் கேட்கப்படும் என்று இப்போது எனக்குத் தெரியும். இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது மறுபாதி சொல்ல ஆள் இல்லையா? வெட்கப்படாமல் எனக்கு ரெலிபோன் எடுங்கோ. வேலை முடிந்து வந்தால் வீட்டில்தான் இருப்பேன். என்ன கஷ்டம், யார் பிள்ளை, என்ன வருத்தம் என்று ஒன்றும் கேட்க மாட்டேன். நீங்கள் தொடங்குங்கோ. நான் முடிக்கிறன்.