டர்போவுக்கு மூன்று செபம்

எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. பெசன்ட் நகரில் எங்கள் பங்குக் கோயிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால்தான் அந்த டீசல் கார் வாங்கிய புதிதில் சிந்தாதிரிப்பேட்டை மெக்கானிக் சொன்ன புத்திமதி என்னை அந்தப் பாடு படுத்தியது.

"தூரமா ஓட்டிக்கினு வந்தா டபக்குனு ஆஃப் பண்ணாத சார். இஞ்சினுக்குக் காத்து ஊதுற டர்போ உள்ள கொதிச்சிக்கினு இருக்கும். ஒரு நிமிசம் சும்மா ஓட வுடு, ஆயில் சுத்தி ஆறட்டும். இல்லேன்னா ஆயில் தீஞ்சி பேரிங்க தின்னுடும்."

ஒரு நிமிடம் சும்மா உட்காருவதா? நானா? என் மனைவிதான் வழி சொன்னாள். நிதானமாக மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' சொன்னால் ஒரு நிமிடம் ஆகிவிடுமாம்.

பிள்ளைகள் வெளியூர் விடுதிகளில் படித்த காலம் அது. வாராவாரம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று ஓட்டம். திரும்பி வந்ததும் வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருக்க, இருவரும் செபம் சொல்வோம். மாடி வீட்டுக்காரர் புகை நாற்றம் தாங்காமல் சன்னலைப் படாரென்று சாத்துவார். அடடா, என்ன நாட்கள்!

ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்த வண்டியில் மெல்லிய விசில் ஒன்று எழும். அது எனக்கு உயிர். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு பெரும்பாலும் நான் தனியாகத்தான் ஓட்டினேன்; செபமும் தனியாகத்தான். ஒருநாள் அந்த விசில் ஊளையாக மாறியது. அடையாறு பாலத்தில் ஏற வண்டிக்கு மூச்சு வாங்கியது. பின்னால் நீலப்புகை வேறு.

"நடுரோட்டுல நிக்கிறதுக்கா வண்டி? டர்போ போயிருந்தா வித்துடுங்க," என்றாள் மனைவி. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வண்டியை விட்டுவிட எனக்கு மனசே இல்லை.

இருவரும் சிந்தாதிரிப்பேட்டை போனோம். மெக்கானிக் காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போவின் தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார்.

"மேல கீழ கொஞ்சூண்டு ஆடுனா தப்பில்ல சார். இது முன்னாடி பின்னாடியும் ஆடுது பாரு. பேரிங் தேஞ்சி பூட்சி. ஆனா உள்ள சுத்துற றெக்கை இன்னும் சுவத்துல ஒரசல. பேரிங் மாத்துனா ஓடும். ஆமா, ஆற வுட்டுத்தான ஆஃப் பண்ணிக்கினு இருந்த?"

"மூன்று செபம் சொல்லிவிட்டுத்தான் சாவியையே தொடுவேன்," என்றேன் கெத்தாக.

"எங்க, சொல்லிக் காட்டு." அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டார். நான் வழக்கம்போல் கடகடவென்று ஒப்பித்தேன்.

"பதினெட்டு செகண்டு!" என்று அவர் சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நீ சொல்லும்மா. பேரிங் மாத்தட்டா, விக்கிறீங்களா?" என்று மனைவியிடம் கேட்டார் அவர்.

அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நாள் பூரா ஓடிக்கிட்டே இருக்கிற மனுஷன் என் பக்கத்துல சும்மா உக்காந்தது அந்த ஒரு நிமிஷந்தாங்க. அதுக்காகத்தான் இந்த வண்டி எனக்குப் பிடிச்சது. பதினெட்டு செகண்டுக்கு எனக்கு எதுக்கு வண்டி?"