பிள்ளைக்காம்பரா என்றொரு மீட்டிங் அறை

எங்கள் அலுவலகம் முன்பு ஹட்டன் நகரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்தது. வெளிநாட்டுக் கம்பனிகளின் கணக்கு வழக்குகளைக் கணினியில் சரிபார்த்து அனுப்புவது எங்கள் தொழில். ஒரு மேசைக்கு மூன்று பேர். ஒருவர் தும்மினால் மற்ற இருவரும் திரையைத் துடைக்க வேண்டும். யாருக்கு எந்தக் கணக்கு உதைக்கிறது, யாருடைய மாமியாருக்கு முழங்கால் வலி என்பதெல்லாம் கேட்காமலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். இதற்குக் 'கூட்டாகப் பணிபுரிதல்' என்று ஒரு பெயர் இருப்பதும், அதைச் சொல்லிக்கொடுக்கக் கொழும்பிலிருந்து ஆள் வருவார்கள் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது.

அந்த மேல்மாடியில் எனக்கு மட்டும் இன்னொரு வசதியும் இருந்தது. மகள் கைக்குழந்தை. கணவருக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை. மாதத்துக்கு ஒரு முறை வந்தால் அதிகம். அம்மா இன்னமும் தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தால், துணிக்கடை முதலாளியின் மனைவி கடைக்குப் பின்னாலுள்ள தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வார். "இங்க வெச்சிட்டுப் போங்க மகள், எங்கட புள்ளையளோட ஒரு புள்ளையா இருக்கட்டும்" என்று முதல் நாளே கையிலிருந்து வாங்கிக்கொண்டவர் அவர். மகள் பசித்து அழுதால் கீழேயிருந்து குரல் வரும். நான் படியிறங்கிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். யாரும் அதற்காக முகம் சுளித்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கம்பனி கொத்மலைப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையை எடுத்தது. அதை நவீன வளாகமாக மாற்றி நாங்கள் எல்லோரும் அங்கே போகப்போகிறோம் என்று முகாமையாளர் அறிவித்தார். அவர் தோட்டத்துக் கிளாக்கர் ஒருவரின் மகன். கொழும்பில் படித்துவிட்டு வந்தவர்.

"இனிமே அது வேலை செய்ற எடமா இருக்காது. நீங்க சந்தோஷமா இருக்குற எடமா இருக்கும்" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் மகளை நினைத்தேன். துணிக்கடை எங்களோடு கூட வராதே.

அன்று பின்னேரமே எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் போய்க் கேட்டேன். தாய்மார் மலைக்குப் போகும் நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே தகரக்கூரை போட்ட ஒற்றை அறை. சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். நானும் அதில்தான் வளர்ந்தேன். வெள்ளைக்காரத் துரைமார் அதைக் கட்டியது எங்கள் மேல் வைத்த பாசத்தால் அல்ல. முதுகில் பிள்ளை இருந்தால் கூடையை எங்கே போடுவது? அவர்களுக்குத் தாயின் இரண்டு கையும் கொழுந்துக்கு வேண்டியிருந்தது. அந்தச் சுயநலத்துக்காவது ஒரு கூரை போட்டுக் கொடுத்தார்கள்.

"தோட்டத்துல பேர் பதிஞ்சவங்க புள்ளைங்களுக்குத்தான் தாயி. நீ ஆபீஸ் உத்தியோகமாச்சே" என்று அங்கிருந்த ஆயம்மா கையை விரித்துவிட்டார். படித்து உத்தியோகம் பார்த்ததில் எனக்குக் கிடைத்த முதல் தண்டனை அதுதான். புது வளாகத்தில் பிள்ளையை வைக்க ஓர் இடம் கிடைக்காவிட்டால் நான் வேலையை விட வேண்டியதுதான். வேறு வழியே இல்லை.

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து வடிவமைப்பாளர் வந்தார். சிங்களமும் ஆங்கிலமும் பேசும் பெண்மணி. நல்ல மனம், விலையுயர்ந்த குளிர்ச்சட்டை. சுவரில் ஒரு பெரிய பலகையை மாட்டி அதில் படங்களை ஒட்டினார். மேசைப்பந்து, தியானம், குட்டித்தூக்கம் போடும் கூடு, கூடிப் பேசும் திறந்த மாடம், கடைசியில் 'வேறு' என்று வெறுமையாக ஒரு கட்டம். ஆளுக்கொரு வண்ணத் துண்டைக் கொடுத்து, உங்களை எது சந்தோஷப்படுத்துமோ அங்கே ஒட்டுங்கள் என்றார்.

ஒருவரும் எழும்பவில்லை.

கொழும்புக்காரருக்கு இது புரியாது. தோட்டத்தில் தண்ணீர்க்குழாய் உடைந்தாலும் கூரைத் தகரம் பறந்தாலும் நாங்கள் நேரே போய்க் கேட்பதில்லை, தொழிற்சங்கத் தலைவர்தான் கேட்பார். தனியாகக் கை தூக்கியவளை "பெரிய ஆளாயிட்டா" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வைத்துப் பேசுவார்கள். அலுவலகத்தில் தொழிற்சங்கமும் இல்லை, தலைவரும் இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் எங்கள் மூத்த கணக்காளரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் தலைவராக இருந்தவர், அது போதும். மனுஷன் நெளிந்துகொண்டே எழுந்துபோய்க் கைக்கு எட்டிய கட்டத்தில் ஒட்டினார். அது மேசைப்பந்து. அவ்வளவுதான், தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்க ஆட்களை நிறுத்துவார்களே, அந்தப் பெரட்டே பின்னால் கிளம்பியது. வரிசையில் போய் எல்லோரும் மேசைப்பந்திலேயே ஒட்டினார்கள். முதுகுவலிக்காரர், கர்ப்பிணி, ஓய்வுபெற ஒரு வருடம் இருப்பவர், எல்லோரும்.

"இவர்கள் இவ்வளவு விளையாட்டுப் பிரியர்களா!" என்று வடிவமைப்பாளர் அதிசயித்தார்.

நான் மட்டும் 'வேறு' கட்டத்தில் 'பிள்ளைக்காம்பரா' என்று எழுதி ஒட்டினேன். முதுகில் இருபது பார்வை குத்தியது. பெரிய ஆளாகிவிட்டேன். வடிவமைப்பாளர் ஓடிவந்து அது என்னவென்று கேட்டார். தொட்டில், ஆயம்மா, இடையில் வந்து பால் கொடுத்துப்போகும் தாய்மார் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஹரிம லஸ்ஸனய்!" என்றார். எவ்வளவு அழகு என்று அர்த்தம். அந்தச் சொல்லை என்னிடமே எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார். அன்றைக்குக் கணவருக்கு போன் போட்டு, காரியம் பழம் என்று சொன்னேன்.

வளாகம் திறந்தது. மூன்று மேசைப்பந்து மேசைகள் போட்டிருந்தார்கள். இன்றுவரை அவற்றின்மேல் ஈரக்குடை காய்கிறது. கூடிப் பேசுவதற்கான மாடத்தைச் சரியாகக் காற்று வரும் பக்கம் பார்த்துக் கட்டியிருந்தார்கள். அங்கே போய் நின்றால் பேச வாயைத் திறக்க முடியாது, மூடுபனி உள்ளே போய்விடும். தரையில் மூட்டைபோலக் கிடந்த மெத்தென்ற ஆசனத்தில் மூத்த கணக்காளர் ஒரு முறை உட்கார்ந்தார். எழும்ப முடியவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தோம். அந்த வளாகத்தில் நாங்கள் கூட்டாகச் செய்த முதல் வேலை அது.

அறைகளுக்கெல்லாம் எங்கள் மண்ணின் பெயர்களாம். காலையில் நின்றுகொண்டே கூட்டம் நடத்துமிடம் 'பெரட்டுக்களம்'. வேலை செய்யும் பெரிய மண்டபம் 'லயம்'. துரை வீட்டைச் சொல்லும் 'பங்களா' என்ற பெயரை மட்டும் எதற்கும் வைக்கவில்லை. ஆனால் முகாமையாளரின் கண்ணாடி அறை எல்லாவற்றுக்கும் மேலே, எல்லோரையும் பார்க்கும்படி இருந்தது.

'பிள்ளைக்காம்பரா' என்ற பலகையும் இருந்தது. கதவைத் திறந்தேன். நீளமான மேசை, சுற்றிச் சுழல் நாற்காலிகள், சுவரில் திரை. ஒரு மூலையில், தொழிற்சாலையின் பழைய இரும்பு உத்தரத்திலிருந்து, பூப்போட்ட சேலையில் ஒரு தொட்டில் தொங்கியது. ஆசையோடு எட்டிப் பார்த்தேன். உள்ளே பரிசுத் தேயிலைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அழுகை மட்டும் வீட்டுக்குப் போனபிறகுதான் வந்தது.

இரண்டு வாரம் அக்கம்பக்கத்தில் ஆளாளுக்குக் கெஞ்சிப் பிள்ளையை விட்டுப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் கெஞ்ச ஆள் இல்லாமல் போயிற்று. அன்றைக்கென்று வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வளாகத்தைப் பார்க்க வருகிறார்கள். லீவு கேட்டால் தொலைந்தேன். வருவது வரட்டும் என்று மகளைத் தூக்கிக்கொண்டே போனேன். வாசலில் காவலாளி மாலைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், எங்களைக் கவனிக்கவில்லை. நேரே பிள்ளைக்காம்பராவுக்குப் போய்த் தேயிலைப் பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தேன். தொட்டிலைப் பிடித்து என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். வெள்ளைக்காரன் போட்ட உத்தரம், அசையவில்லை. மகளைப் போட்டு ஆட்டினேன். வீட்டில் பாடாய்ப் படுத்துகிறவள் அங்கே படுத்ததும் தூங்கிவிட்டாள்.

கதவு திறந்தது. முகாமையாளரும் அவர் பின்னால் வெள்ளைக்காரர் கூட்டமும். முகாமையாளரின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் முன்னால் நின்ற அம்மையார் நெஞ்சில் கைவைத்து "ஓ!" என்றார். மற்றவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். முகாமையாளருக்கு உடனே உயிர் வந்துவிட்டது. தாயையும் சேயையும் பிரிக்காத இந்த மரபை எங்கள் கம்பனி எப்படிப் போற்றிக் காக்கிறது என்று ஆங்கிலத்தில் அழகாகப் பேசினார். நானே கொஞ்சம் நம்பிவிட்டேன்.

எல்லோரும் போனபிறகு மேலே கூப்பிட்டார். வேலை போயிற்று என்றுதான் படியேறினேன்.

"சூப்பர்ங்க. அடுத்த மாசம் இன்னொரு குரூப் வருது. அன்னைக்கும் புள்ளைய கூட்டிட்டு வாங்க. சேலை மட்டும் இன்னும் கொஞ்சம் பழசா இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

"மத்த நாள்ல சேர்?"

"மத்த நாள்ல எப்பிடிங்க? அது மீட்டிங் ரூம் ஆச்சே."

"புள்ளைக்கு எல்லா நாளும் பசிக்கும் சேர்" என்றேன். தோட்டத்துக் கிளாக்கரின் மகனுக்கு இது தெரியாமலா இருக்கும்? கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திரையில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கம்பனியின் இணையப் பக்கத்தில் 'ஊழியர் நலன்' என்ற தலைப்பின் கீழே அதற்குள் படத்தைப் போட்டுவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. படத்தில் இருக்கும் பிள்ளையை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்ப எந்தக் கம்பனிக்கும் வாய் வராது.

மறுநாள் காலையும் மகளோடுதான் போனேன். காவலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னைக்கும் வெள்ளைக்காரங்க வர்றாங்களாம்மா?"

"வர்றாங்க அண்ணே."

அப்பட்டமான பொய். அவருக்கும் தெரியும், அவரும் தோட்டத்துக்காரர்தான். அதிலிருந்து தினமும் அதே கேள்வி, அதே பதில். மேலேயிருந்து முகாமையாளர் பார்ப்பார், பார்க்காததுபோலத் திரும்பிக்கொள்வார். அந்த அறையில் மீட்டிங் வைக்கிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிச் சீக்கிரமே முடித்துக்கொள்கிறார்கள். உத்தரவு என்று எதுவும் இல்லை, உரிமை என்றும் எதுவும் இல்லை. என் பிள்ளை தூங்க வேண்டுமானால் தினமும் வராத வெள்ளைக்காரன் ஒருவன் வந்துகொண்டே இருக்க வேண்டும். நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன திங்கட்கிழமை, பிரசவ விடுமுறை முடிந்து ஒரு பெண் வேலைக்குத் திரும்பினாள். மார்போடு அணைத்த துணிக்குள் பிஞ்சுக் கால் தெரிந்தது. வாசலில் என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு நின்றாள். காவலாளி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு ரெண்டு குரூப்பா வர்றாங்களாம்மா?"

"ஆமாண்ணே, ரெண்டு குரூப்பு" என்றேன். கதவைத் திறந்துவிட்டார்.