ஜப்பான் எஞ்சினுக்கு எம்புட்டு வாய் தெறக்குறது

“இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் காது இல்ல.”

தெனமும் பல்லு வெளக்குறப்பவே சோலைமலை இதை ஆரம்பிச்சுருவாரு. வண்டி இருமும், மொனகும், கெஞ்சும். ஓட்டுறவன் காதுல வாங்க மாட்டான். கடைசியில பொணமாக்கி இவரு ஒர்க்‌ஷாப்பு வாசல்ல தள்ளிட்டுப் போவான். அதான் பொலம்பல். “எனக்குக் காது இருக்குறதுதான் கேடு, தெனம் இதைக் கேக்க வேண்டியிருக்கு”ம்பா பொஞ்சாதி பொன்னழகு.

திண்டுக்கல்லு நத்தம் ரோட்டுல தகரக் கொட்டகை, பின்னாலயே வீடு. அம்பாசிடரு, டீசல் ஜீப்பு, தோட்டத்து மோட்டாருன்னே காலம் போச்சு. எம்பத்தாறாம் வருசம் பொன்னழகு தம்பி நாச்சிமுத்து ஒரு ஜப்பான் காரை ஓட்டிட்டு வந்து நிப்பாட்டுனான். பூ யாவாரம் பாக்குற பய. சிங்கப்பூருல இருந்து வந்த யாரோ ஊரை விட்டுப் போறப்ப தள்ளிவிட்ட வண்டி. செவப்புக் கலரு, தரையோட தரையா படுத்துக் கெடக்கும்.

“ஒரு மூட்டை பூ ஏத்த எடம் இல்ல, இதை எதுக்குலே வாங்குன?”ன்னா பொன்னழகு.

“இது பூ ஏத்துற வண்டி இல்லக்கா. மெட்ராசு ரேசுல விடப் போறேன். மச்சான், உள்ள நோண்டி நல்லா கத்த விடுங்க.”

சோலைமலை எங்க கேட்டாரு? பானெட்டைத் தூக்கிட்டு அப்படியே நின்னுட்டாரு. அந்த எஞ்சின்ல பிஸ்டனே கெடையாது. ஆட்டுக்கல்லுல குழவி சுத்துற கணக்கா, மூணு மூலை இரும்பு உள்ள உருண்டுக்கிட்டே இருக்கும். காத்தும் பெட்ரோலும் பக்கத்துத் தகட்டுல இருக்குற ஓட்டை வழியா உள்ள போகும். அந்த ஓட்டைய எப்படி வெட்டுறோமோ, அதுக்குத் தக்கன எஞ்சினோட கொணமே மாறிப்போகும்.

பிரிச்சுப் போட்டாரு. துணிக்குப் போடுற நீலத்தைத் தேங்காண்ணெயில கொழச்சுத் தகட்டுல தடவி, முக்கோணத்தைக் கையாலயே சுத்துனாரு. மூலை உரசுன தடம் வளைவா விழுந்துச்சு. அந்தத் தடத்துல ஓட்டை போட்டா, காத்து கசியாம மூலைய அடைக்கிற சீலு அதுல மாட்டி ஒடஞ்சுரும். அதனால தடத்தை விட்டுட்டு, எண்ணெ டின்னை வெட்டி ரெண்டு அச்சு செஞ்சாரு. ஒண்ணு, இருக்குற ஓட்டையவே செத்த அகலப்படுத்துறது. இன்னொண்ணு, அதுக்கு மேல புருவம் மாதிரி இன்னொரு கீத்து. நடுவுல மெல்லிசா ஒரு பாலந்தான் மிஞ்சும். புருவம் வெட்டுனா வேகத்துல பேயாப் பறக்கும். ஆனா நிக்கிறப்ப தடுமாறும், பெட்ரோலை முழுங்கும், பாலம் விரிசல் விட்டா அம்புட்டுத்தான். வெட்டுன இரும்பை ஒட்ட முடியாது. மாத்துத் தகடு மெட்ராசுல தேடுனாலும் கெடைக்காது.

அந்தாளுக்குப் புருவத்து மேலதான் ஆசை. மத்தியான வெயில்ல அந்தப் புருவ அச்சுத் தகரத்தைக் கண்ணுக்கு நேரா பிடிச்சு, கீத்து வழியா மலைக்கோட்டைய பாப்பாரு. பாறை மெதக்கும்.

“பொன்னு, கேக்குதா?”ம்பாரு. எஞ்சின் துண்டு துண்டா சாக்குல கெடக்கும்.

“வெஞ்சனம் அடிப்பிடிக்கிறதுதான் கேக்குது.”

சொல்லிட்டு அவளும் செத்த நேரம் நிப்பா. தூரத்துல ஒத்த வண்டு பாடுற மாதிரி என்னமோ நெசமாவே கேக்கும். தலைய உதறிட்டு அடுப்படிக்குப் போயிருவா.

வெட்டுறதுக்கு முன்னால ஒருக்கா ஓட்டிப் பாத்துக்கிறேன்னு எல்லாத்தையும் திரும்ப மாட்டுனாரு. மூணு பேரும் கொடைரோட்டுக்குக் கெளம்புனாக. அங்க இருக்குற சித்திக்குக் குடுக்க, பொன்னழகு மடியில ஒரு பாட்டில் கடலெண்ணெ. ஊரைத் தாண்டுறதுக்குள்ள ரயில் கேட்டு அடைச்சுட்டாக. கேட்டு அடைச்சா இங்க எல்லாரும் பண்றதைத்தான் நாச்சிமுத்தும் பண்ணுனான். பெட்ரோலு மிச்சம்னு சாவியத் திருப்பி அணைச்சுட்டான்.

“அணைக்காத மாப்ள!”ன்னு சோலைமலை கத்துறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. சூடேறுறதுக்கு முன்னாடி அணைச்சா அந்த எஞ்சின் பெட்ரோல்ல முங்கிப்போகும். கேட்டு தெறந்துச்சு, வண்டி கெளம்பல. பின்னால ஒரே ஆரன் சத்தம். பஸ்ஸுல இருந்து ஒருத்தன் தலைய நீட்டி, “ஏலே அப்பு, ரெண்டு மாட்டைப் பூட்டி இழு!”ன்னான்.

“எறங்கி வா, ஒன்னையப் பூட்டுறேன்”ன்னா பொன்னழகு.

ஓரமா தள்ளிட்டுப் போயி, பிளக்கைக் கழட்டி, உள்ள நின்ன பெட்ரோலை வெளிய தள்ளுனாரு. அப்புறம் பொன்னழகுகிட்ட கையை நீட்டுனாரு.

“அந்த எண்ணெயக் குடு.”

“சித்திக்கு உள்ளது.”

“நாலு சொட்டுதான். எண்ணெ பட்டாத்தான் சீலு பிடிக்கும்.”

பிடிச்சுச்சு. வெள்ளப் பொகை கெளம்பி ரோட்டையே மூடிருச்சு. பஜ்ஜி வாசம். கேட்டு, பஸ்ஸு, ஜனம் ஒண்ணும் தெரியல. பொகைக்குள்ள சோலைமலை மட்டும் எஞ்சின் மேல கைய வெச்சுக்கிட்டு நின்னாரு, காய்ச்சக்காரப் பிள்ளைய தொட்டுப் பாக்குற மாதிரி.

மறுநா நாச்சிமுத்து கொட்டகைக்கு வந்தான். “புருவந்தான மச்சான்?”

“இல்ல மாப்ள, சின்னதுதான்.”

பொன்னழகுக்கே பொறுக்கல. “வெட்டிருங்க. வந்த நாள்ல இருந்து அந்தத் தகரத்தைத்தான பொண்டாட்டி கணக்கா பாத்துக்கிட்டு இருக்கீக. இனிமே இப்படி ஒண்ணு ஒங்க கைக்கு வருமா? கெட்டா கெடட்டும், இவன் வண்டிதான.”

“அக்கா!”

“நம்ம ரோட்டுல ஓடுறதைவிட நிக்கிறதுதான் அதிகம் பொன்னு. நின்ன எடத்துல தடுமாறுனா இவன் கை தன்னால சாவிக்குப் போகும். மூச்சு முட்டியே செத்துரும் இது.”

“அப்ப ரேசு?”

“அதுக்கு வேற வண்டி பாரு. இது உசுரோட கெடக்கட்டும்.”

திரும்பப் பிரிச்சு, சின்ன அச்சை வெச்சுக் கோடு போட்டு, ராவ ஆரம்பிச்சாரு. இரும்புத் தூசி மூஞ்சி பூரா அப்பிக்கிச்சு. மூஞ்சியில வேற எதும் இருந்தாலும் வெளிய தெரியல.

முடிச்சு மாட்டி, மூணு பேருமா கொடைக்கானல் மலை ஏறுனாக. “கத்தவே மாட்டேங்குதே”ன்னு நாச்சிமுத்து மொத ரெண்டு வளைவு வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சுருந்தான். அப்புறம் மேகம் எறங்கி ரோட்டுல படுத்துச்சு. நடந்து போற வேகத்துக்கு வந்துட்டான். எஞ்சின் தடுமாறல, தூங்குற பிள்ளை மூச்சு மாதிரி ஒரே சீரா இழுத்துச்சு. ரோடு இருக்கா இல்லையான்னே தெரியல. தொட்டில்ல போற மாதிரி இருந்துச்சு பொன்னழகுக்கு.

“ஆசை தீந்துச்சா?”ன்னு பின்னால இருந்து கேட்டா.

“தீரல.” ஒரு வளைவு தாண்டுனப்புறம், “ஆனா ஓடுது”ன்னாரு.

மேல போயிச் சேருற வரைக்கும் நாச்சிமுத்து கை சாவிப் பக்கம் போகவே இல்ல.

வண்டி இன்னும் ஓடுது. கொட்டகையும் நத்தம் ரோட்டுலதான் இருக்கு. அந்தப் பக்கம் போனா சோலைமலைய ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. அவரா அதைப் பத்திப் பேச மாட்டாரு, செவப்பு வண்டி எப்படி ஓடுதுன்னு நீங்களே கேளுங்க. மத்தியானமா போனீகன்னா சோறு இருக்கும். பொன்னழகு வெடுக்குன்னு ஏதாச்சும் சொல்லுவா, கண்டுக்காம எலையில ஒக்காந்துருங்க.